வெள்ளாவிக்குப் போன சட்டை

செத்துப்போன ஒரு பையனின் சட்டையை என் அண்ணி சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைத்தாள். அதிலிருந்த அழுக்கெல்லாம் போயிற்று. அழுக்கோடு சேர்ந்து அவன் வாசனையும் போயிற்று. பெற்றவளுக்கு அவனிடமிருந்து மிச்சம் இருந்தது அந்த வாசனை ஒன்றுதான். இப்போதெல்லாம் அண்ணியின் பேச்சை எடுத்தால் எல்லோரும் முதலில் இதைத்தான் சொல்கிறார்கள், ஏதோ அவள் பிறந்ததே அந்தச் சட்டையைத் துவைக்கத்தான் என்பது மாதிரி. நான் அவளுடைய நாத்தனார். அண்ணியைக் குறை சொல்ல உலகத்தில் யாருக்காவது உரிமை இருக்கிறது என்றால் அது எனக்குத்தான். நானே சொல்லாதபோது மற்றவர்களுக்கு என்ன வந்தது?

அவள் எங்கள் வீட்டுக்கு வரும்போது ஒரு துணி ஆலையில் குறையுள்ள துணியைக் கழிக்கும் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நெய்து, சாயம் ஏறி வருகிற துணி அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் ஓடிக்கொண்டே இருக்கும். கறை, ஓட்டை, சாயம் பிடிக்காத திட்டு எது கண்ணில் பட்டாலும் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். நாள் முழுக்க அதுதான் வேலை. அதனால் அவள் கண்ணுக்கு முதலில் கறைதான் தெரியும், ஆள் அப்புறம்தான். கல்யாணத்தன்று என் அண்ணன் முகத்தை அவள் பார்த்தாளோ இல்லையோ, அவன் சட்டைக் கையில் இருந்த பேனா மையைப் பார்த்துவிட்டாள். மறுநாள் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக எலுமிச்சம்பழமும் உப்பும் கேட்டாள். மாமியாருக்கு ஏதோ சர்பத் போடப்போகிறாள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம். மை போன சட்டையைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் விரித்துக் காட்டியபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளை தோற்றது போங்கள்.

ஆலையை மூடினார்கள். அண்ணனுக்கு லிஃப்ட் ஓட்டுகிற வேலை, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். ஏறுவதும் இறங்குவதுமாக அவன் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது, அண்ணி வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது. பிள்ளை குட்டியும் இல்லை. கொஞ்ச நாள் வீட்டுத் திரைச்சீலைகளையெல்லாம் கழற்றிச் சாயம் முக்கினாள், அப்புறம் தலையணை உறைகள், அப்புறம் என் பாவாடைகள். இனி மிச்சம் இருப்பது நாங்கள்தான் என்று நான் சொன்ன பிறகுதான் பெயின்ட் கடைக்கு மேலே இருந்த நீள ஹாலை வாடகைக்குப் பிடித்தாள்.

கதவுப் பலகைகளைக் கால்களின்மேல் போட்டு மேசை ஆக்கினோம். பின்பக்கப் பால்கனியில் இரண்டு பெரிய அடுப்பு, அண்டாக்கள், ஒரு குழாய். கயிறு கட்டி, கிளிப் மாட்டி, கீழே மாடிப்படி ஓரத்தில் பட்டறை என்று ஒரு போர்டும் வைத்தாயிற்று. முதல் நாளே ஒரு மனிதர் பஞ்சரான ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். அண்ணி அவரைத் திருப்பி அனுப்பவில்லை, அவர் மனைவியை அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினாள். அந்த அம்மாளும் வந்தாள், ஒரு பாங்கியில் வேலை பார்க்கிறவள், நல்ல வாய். அவளைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், இப்போது சொன்னால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்.

சனிக்கிழமைதான் வகுப்பு. ஒரு வாரம் துணியைக் கசக்கிக் கட்டி அவுரி நீலத்தில் முக்குவார்கள். இன்னொரு வாரம் இலையையும் பூவையும் துணிக்குள் வைத்துச் சுருட்டி ஆவியில் வேக வைப்பார்கள், பிரித்தால் இலை அப்படியே துணியில் பதிந்திருக்கும். ஓட்டுத் தையல், சங்கிலித் தையல், கிழிந்த இடத்தை மறைக்காமல் அதையே அழகாக்கும் ஒட்டுத் தையல், பாசி, ஜமிக்கி, கண்ணாடி எல்லாம் உண்டு. ஒரு பெரிய வேலைக்கும் உதவாத வேலை என்று என் அண்ணன் கிண்டல் செய்வான். ஆனால் அங்கே வந்து போகிற பெண்கள் படியிறங்கும்போது வந்தபோது இருந்ததைவிடக் கொஞ்சம் லேசாக இறங்கினார்கள். அதை நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேன். டீ போடுவதும் இஸ்திரி போடுவதும் என் வேலை.

அண்ணி வாயில்லாப் பூச்சி. யார் துணியைக் கெடுத்தாலும் கோபப்பட மாட்டாள். ஆனால் ஒரு விஷயத்தில் ராட்சசி. யார் எந்தத் துணியைக் கொண்டுவந்தாலும் அது முதலில் வெள்ளாவிக்குப் போக வேண்டும். சோடா உப்பும் சோப்பும் போட்டு அண்டாவில் கொதிக்க வைத்து, தண்ணீர் தெளிவாக வருகிறவரை மாற்றி மாற்றி அலச வேண்டும். புதுத்துணிதானே என்று புதிதாக வருகிறவர்கள் மல்லுக்கு நிற்பார்கள். புதுத்துணியில் கஞ்சியும் ஆலை மெழுகும் இருக்கும், பழைய துணியில் வியர்வையும் எண்ணெயும் இருக்கும், எது இருந்தாலும் சாயம் திட்டுத்திட்டாகத்தான் ஏறும் என்று பொறுமையாகச் சொல்வாள். சாயத்துக்கு மட்டுமில்லை, துணியை எடுத்து வைப்பதென்றாலும் அதே சட்டம்தான். வியர்வை துணியை அரிக்கும், எண்ணெய்ப் பிசுக்குக்குப் பூச்சி வரும். பிளாஸ்டிக் கவரைக் கண்டாலே ஆகாது, துணிக்கு மூச்சு முட்டிப் பூஞ்சை பிடிக்கும் என்பாள். அவள் சொல்வதெல்லாம் சரி. இன்றைக்கும் சொல்கிறேன், ஒரு வார்த்தை தப்பில்லை.

எங்கள் பகுதிக்குத் தபால் கொண்டுவருகிறவள் ஒரு பெண். எல்லோருக்கும் அவள் தபால்காரம்மா. ஹாலுக்குக் கடிதம் கொடுக்க வந்தால் வாசலிலேயே நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போவாள். உள்ளே வாங்க என்றால், வேலை இருக்கிறது என்பாள். அவளுக்கு ஒரே மகன், கார் ரிப்பேர் கடையில் மெக்கானிக். ஒரு நாள் வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தபோது ஜாக்கி நழுவிவிட்டது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சில வாரங்களிலேயே அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். ஆறுதல் சொல்லி வெளியூர்ச் சொந்தங்கள் எழுதிய கடிதங்களைத் தபாலாபீஸில் தானே தெருவாரியாகப் பிரித்து அடுக்கி, தன் பையிலேயே போட்டுக்கொண்டு, தன் வீட்டுக்குத் தானே கொண்டுபோனாள். அதைக் கேள்விப்பட்ட அன்று அண்ணி சாப்பிடவில்லை. அடுத்த தடவை அவள் வாசலில் வந்து நின்றபோது அண்ணி எழுந்துபோய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, ஊசியில் நூல் கோத்து அவளிடம் கொடுத்தாள். அந்தச் சனிக்கிழமை முதல் அவளும் எங்கள் கூட்டத்தில் ஒருத்தி ஆனாள்.

தையல் அவளுக்கு வரவில்லை. நூலை இழுத்த இழுப்பில் துணி அப்பளமாகச் சுருங்கும். இழுக்காதீங்க, நூல் துணிமேல சும்மா படுத்துக்கிடக்கட்டும் என்று அண்ணி பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பாள். மாதக்கணக்கில் சங்கிலித் தையல் ஒன்றைத்தான் போட்டாள். ஒரு வரிசை போடுவாள், பிரிப்பாள், அதே இடத்தில் திரும்பவும் போடுவாள். பாசி தைக்கலாமே என்று கேட்டால் தலையை ஆட்டுவாள். ஆனால் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவிடவில்லை.

பிறகு ஒரு நாள், இது அண்ணி எனக்குப் பிற்பாடு சொன்னது, வகுப்பு முடிந்து நான் உட்பட எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்தாள். தபால் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள், வாயைச் சுருட்டி டேப் ஒட்டியிருந்தது. உள்ளே மகனின் வேலைச் சட்டை. புருஷன் வீட்டில் அவன் சாமான் எதையும் வைக்கவிடுவதில்லை என்று சொன்னாள். கட்டில், செருப்பு, ஸ்பேனர் பெட்டி, துணிமணி எல்லாவற்றையும் யார் யாருக்கோ கொடுத்துவிட்டானாம். பார்க்கத் தாங்கவில்லையாம் அந்த மனுஷனுக்கு. இதை மட்டும் பீரோவுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்திருக்கிறாள், நேற்று அதுவும் அவன் கையில் கிடைத்துவிட்டது. பிடுங்கி வாங்கியிருக்கிறாள். அவள் மணிக்கட்டு கன்றிப்போயிருந்ததாம்.

“டீச்சர், இது உங்ககிட்ட இருக்கட்டும். பத்திரமா வச்சிருங்க. துணியப் பாத்துக்கத் தெரிஞ்சவங்க நீங்கதான்.”

அண்ணி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். துவைக்காதீங்க என்று அவள் சொல்லவில்லை. அதை ஏன் அவள் சொல்லப்போகிறாள்? செத்த பிள்ளையின் சட்டையை யாராவது துவைப்பார்களா என்றிருக்கும் அவளுக்கு. துவைக்கட்டுமா என்று அண்ணியும் கேட்கவில்லை. பத்திரமாக வைப்பது என்றால் துணிக்காரிக்கு முதல் வேலையே துவைப்பதுதான். காலரிலும் கையிலும் கிரீஸ் கட்டி, அக்குள் மஞ்சளாகி, பிளாஸ்டிக்குக்குள் வெந்துபோன ஒரு சட்டையை அப்படியே அலமாரியில் வைத்தால் ஒரு வருஷம்கூடத் தாங்காது என்று அவளுக்குத் தெரியும். செத்தவனுடைய சட்டை, நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று நினைத்தாள்.

மறுநாள் முழுக்க அதே வேலையாக இருந்தாள். கிரீஸ் இருந்த இடமெல்லாம் மண்ணெண்ணெய் தொட்டுத் தடவி ஊறவைத்து, பழைய பல் பிரஷால் நோகாமல் தேய்த்து, அண்டாவில் கொதிக்கவிட்டு, தண்ணீரை மாற்றி, திரும்பக் கொதிக்கவிட்டு. தைத்தவன் போட்ட ஒரு தையலைக்கூடச் சேதப்படுத்தவில்லை. பாக்கெட் ஓரம் கிழிந்திருந்ததை அப்படியே விட்டாள், அது பையன் கிழித்தது, நாம் தொடக்கூடாது என்றாள். சாயங்காலம் நான் போனபோது சட்டை கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. யாருடையது என்று கேட்டேன், சொன்னாள். பாவம் என்றேன். வேறு ஒன்றும் எனக்கும் தோன்றவில்லை, நானும் துணியோடு கிடக்கிறவள்தானே. காய்ந்ததும் வெள்ளைக் காடாத் துணியில் சுற்றி, பூச்சி அண்டாமல் இருக்க நாலு கிராம்பும் போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினாள். தன் தாலியைக்கூட அவ்வளவு பத்திரமாக அவள் வைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை டீ நேரத்தில் தபால்காரம்மா மெல்ல வந்து, ஒரு தடவை பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்டாள். அண்ணி சாவியை எடுத்துத் திறந்தாள். காடாவைப் பிரித்து, சட்டையை விரித்து, காலரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். அன்றைக்கு எலுமிச்சம்பழம் தேய்த்த சட்டையைக் காட்டிய அதே முகம். ஒரு கறைகூட இல்லை பாருங்க, பாதி போகாதுன்னுதான் நினைச்சேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

தபால்காரம்மா சட்டையை வாங்கி முகத்தில் வைத்தாள். எடுத்தாள். காலரை முகர்ந்தாள், பிறகு அக்குளை, பிறகு இரண்டு கைகளையும், பிறகு உள்பக்கமாகத் திருப்பி முதுகை. தொலைந்த சாவியை வீட்டில் தேடுகிற மாதிரி அவசரம் அவசரமாகத் தேடினாள். ஹாலில் எல்லோரும் டீ டம்ளரோடு திரும்பிப் பார்த்தார்கள்.

“என் பையன் எங்க?” என்று கேட்டாள்.

அண்ணிக்கு முதலில் புரியவில்லை. கறை எல்லாம் என்று ஏதோ திரும்பச் சொல்ல வாயெடுத்தவள், பாதியில் நிறுத்தினாள். அவள் முகம் வெளுத்துப்போவதை நான் பார்த்தேன். கையை நீட்டினாள், எதற்கு நீட்டினாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. தபால்காரம்மா அழவில்லை, கத்தவில்லை, ஒரு வசவுகூட வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் பாங்கி அம்மாள் வாயைத் திறந்தாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படியான மெதுவில்.

“ஒண்ணு பெத்திருந்தா இது தெரிஞ்சிருக்கும்.”

எனக்கு என்ன வந்ததென்று தெரியாது. அவள் முன்னால் இருந்த பாசி டப்பாவை எடுத்து மாடிப்படியில் கொட்டினேன். பொறுக்கிக்கொண்டு அப்படியே போய்விடு, திரும்ப ஏறாதே என்றேன். பிள்ளை பெற்றவளுக்கு எல்லாம் தெரிந்துவிடுமாம், பெரிய கண்டுபிடிப்பு! நான் இரண்டு பெற்றவள். கயிற்றில் தொங்கின சட்டையைப் பார்த்துவிட்டுப் பாவம் என்று சொல்லிவிட்டு டீ போடப் போனவள். இதை அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். ஆனால் அண்ணி காதில் நான் சொன்னது விழவில்லை, அவள் சொன்னதுதான் விழுந்தது. அது அப்படித்தான், நல்ல வார்த்தை பத்து சொன்னாலும் ஒரு நஞ்சு உள்ளே போனால் போனதுதான்.

நான் கத்தி முடிக்கும்வரை தபால்காரம்மா சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து மேசைமேல் வைத்தாள். அதை இனி எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

“அந்தத் தண்ணிய எங்க ஊத்தினீங்க?”

அண்ணி பால்கனியைக் காட்டினாள். அங்கே ஊற்றினால் குழாய் வழியாகப் பின்சுவரில் இறங்கி, கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற சிமென்ட் வாய்க்காலில் விழும். தபால்காரம்மா படியிறங்கிப் போனாள். அண்ணியும் போனாள், நானும் ஓடினேன். இரண்டு சுவருக்கு நடுவே ஒரு ஆள் போகிற இடம். வாய்க்காலின் அடியில் நாங்கள் ஊற்றின சாயமெல்லாம் பாசியோடு படிந்து ஒரு நிறமும் இல்லாத நிறத்தில் கிடந்தது. அவள் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். உள்ளங்கையை அந்தச் சேற்றில் வைத்துக்கொண்டாள். எழுந்திரும்மா, அசிங்கம் என்று நான் தோளைப் பிடித்தேன், அண்ணி என் கையை எடுத்துவிட்டாள்.

இருட்டுவதற்குள் அவள் புருஷன் வந்துவிட்டான், யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று நானும் தயாராகத்தான் நின்றேன். உன்னால்தானே அவள் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள், கட்டிலைக் கொடுத்தாய் செருப்பைக் கொடுத்தாய், அஸ்தியையும் யாருக்காவது கொடுத்துவிட்டாயா என்று கேட்டேவிட்டேன். என் நாக்கில் சனி. அந்த ஆள் என்னை ஏறிட்டுப் பார்க்கக்கூட இல்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னான்: சுடுகாட்டில் அஸ்தியை வாங்கிக்கொண்டு கிடைத்த பஸ்ஸில் ஏறினானாம், கடைசிவரை போனானாம், ஏதோ ஒரு பாலத்திலிருந்து போட்டுவிட்டு வந்தானாம். எந்த ஊர், எந்தப் பாலம் என்று அவனுக்கே ஞாபகமில்லை. பெண்டாட்டி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள், பதில் இருந்தால்தானே சொல்வதற்கு. தலையைக் குனிந்துகொண்டு அவன் நின்ற நிற்பில் எனக்குக் கோபமும் போயிற்று, வேறு ஒன்றும் வரவும் இல்லை. அவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை அண்ணி அந்த ரிப்பேர் கடைக்குப் போனாள். பையன் தொட்ட துணி, கை துடைத்த கந்தை, ஏதாவது துவைக்காமல் இருக்கிறதா என்று கேட்டாள். அவனுடைய யூனிஃபார்மை அடுத்த பையனுக்குக் கொடுத்தாயிற்று, அது எத்தனையோ தடவை துவைத்தாயிற்று என்றார்கள். வெறுங்கையோடு வந்தாள். நான்தான் ஒரு யோசனை சொன்னேன். கிரீஸும் பெட்ரோலும் எந்தக் கடையிலும் கிடைக்கிறது, கொஞ்சம் தடவி, ஒரு வாரம் கவரில் கட்டி வைத்துக் கொடுத்துவிடலாம், அவள் மனசு ஆறட்டும் என்றேன். தப்பென்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. எந்தச் சாயத்தையும் வேறு சாயம் மாதிரி காட்டுகிறவள் அண்ணி, இது அவளுக்கு ஒரு வேலையே இல்லை.

“கிரீஸ் வாசனை வரும். அவன் வரமாட்டான்டி” என்றாள்.

சட்டையை அவளே தபால்காரம்மா வீட்டுக்குக் கொண்டுபோனாள். கதவைத் திறந்தது புருஷன். வாங்கிக்கொண்டான், உள்ளே கூப்பிடவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போனாள், யாரிடம் கேட்பது?

அதற்கப்புறம் தபால்காரம்மா மேலே ஏறி வரவில்லை. ஆனால் சனிக்கிழமை தவறாமல் கட்டடத்துக்குப் பின்னால் வந்து அந்த வாய்க்கால் பக்கத்தில் நிற்பாள். வகுப்பு நடக்கிற நேரம் முழுக்க நிற்பாள், போவாள். அண்ணி பால்கனியிலிருந்து அதைப் பார்த்துவிட்டாள். அன்று முதல் ஒரு சொட்டுத் தண்ணீர் அந்தக் குழாயில் போகவிடவில்லை. சாயத் தண்ணீரையும் அலசின தண்ணீரையும் வாளி வாளியாகப் பிடித்து, படியிறங்கி, தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கச் சாக்கடையில் கொண்டுபோய் ஊற்றினாள். அவளுக்கு ஏற்கெனவே முழங்கால் சரியில்லை. நானும் தூக்குகிறேன் என்றால் விடமாட்டாள். உங்களுக்கென்ன பைத்தியமா அண்ணி என்று கத்தினேன். பைத்தியம் பிடித்தால் பரவாயில்லை என்று இருக்கிறது என்றாள்.

அதைக்கூடச் சமாளித்திருக்கலாம். வெள்ளாவிதான் எங்களை முடித்தது. யாராவது ஒரு துணியை நீட்டினால் அண்ணி உடனே வாங்க மாட்டாள். இது யாருடையது, துவைக்கலாமா, வீட்டில் கேட்டீர்களா, இதில் ஏதாவது இருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்பாள். கடையில் அன்றைக்கு வாங்கின துணிக்கே கேட்டாள். கடைசியில் யார் துணியையும் அவிக்க மாட்டேன் என்று நிறுத்திவிட்டாள். நான் அவித்துத் தருகிறேன் என்றதற்கு அடுப்பின் டியூபையே கழற்றிவிட்டாள். அவிக்காத துணியில் எந்தச் சாயம் ஏறும்? நீலம் திட்டுத்திட்டாக நின்றது, இலை பதியவில்லை, ஆசையோடு கொண்டுவந்த துணி சொறி பிடித்த மாதிரி ஆயிற்று. ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு சனிக்கிழமை நானும் அண்ணியும் மட்டும் அந்த நீள மேசையில் உட்கார்ந்திருந்தோம்.

“பெத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமாடி?” என்று அன்று கேட்டாள்.

நான் பெற்றவள், எனக்கும் தெரியவில்லையே என்று எத்தனையாவது தடவையோ சொன்னேன். கேட்டுக்கொண்டாள். ஒரு கல்லுக்குச் சொல்லியிருந்தாலும் அவ்வளவுதான் பலன்.

ஹாலைக் காலி செய்தோம். அண்டாக்களை ஒரு ஹோட்டல்காரர் எடுத்துக்கொண்டார், கதவுப் பலகைகளைப் பெயின்ட் கடைக்காரர். ஹாலில் இப்போது பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறார்கள். அண்ணி வீட்டில் கிழிந்தது தைத்துத் தருகிறாள், துவைத்து எடுத்துவந்தால் மட்டும். இனியாவது நிம்மதியாக இருப்பாள் என்று நினைத்தேன். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் வந்ததும் காணாமல் போய்விடுவாள். எங்கே என்று கேட்டால் சும்மா நடந்துவிட்டு வந்தேன் என்பாள். முழங்கால் வீங்கிக்கிடக்கிறவளுக்கு என்ன நடை?

ஒரு சனிக்கிழமை நான் போய்ப் பார்த்தேன். நினைத்தபடியேதான். அந்த இரண்டு சுவருக்கு நடுவில் தபால்காரம்மா நின்றுகொண்டிருந்தாள், அவளுக்கு இரண்டடி தள்ளி அண்ணி நின்றுகொண்டிருந்தாள். பேச்சு இல்லை, ஒருவரை ஒருவர் பார்க்கவும் இல்லை. மேலே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடந்தது, மேலே தண்ணீர் புழங்குவதில்லை அல்லவா.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பெரியவள், துக்கப்பட்டவள் என்றெல்லாம் பார்க்கவில்லை. தபால்காரம்மாவிடம் நேரே போய்க் கேட்டேன், அன்றைக்கு ஊற்றின தண்ணீர் அன்றைக்கே போயிற்று, எத்தனை மழை பெய்து கழுவிவிட்டுப் போயிற்று, இன்னும் இங்கே என்ன இருக்கிறது என்று நிற்கிறாய், உன்னால் இவள் பட்டறை போயிற்று, கால் போயிற்று, இன்னும் என்ன போக வேண்டும் என்று கேட்டேன். அண்ணி என் வாயைப் பொத்த வந்தாள், நான் விடவில்லை.

தபால்காரம்மா என்மேல் கோபப்படவில்லை. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். வீட்டில் ஆள் இல்லை, கடிதத்தை எங்கே போட என்று கேட்பாளே, அந்தக் குரலில்தான் பதில் சொன்னாள்.

“அது போயிடுச்சுன்னு எனக்கும் தெரியும்மா. ஆனா அவன் இந்த வழியாத்தான் போனான்னு தெரிஞ்ச இடம் எனக்கு இது ஒண்ணுதான். வேற எங்க போய் நிக்கிறது, சொல்லு?”

 அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றாள், அவளுக்கும் தபால்காரம்மாவுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் இருந்தது. நான் போய் அதில் நின்றேன்.